அரசு மென்பொருளை அரசே எழுத வேண்டுமா? 18எஃப் மூடலை முன்வைத்து ஒரு விவாதம்

கல்லணைக்காரன்:

2025 மார்ச் 1 அதிகாலையில் அமெரிக்க அரசின் 18எஃப் என்ற மென்பொருள் குழுவுக்கு மின்னஞ்சல் வந்தது. சுமார் 90 பேருக்கு வேலை போயிற்று. சனிக்கிழமை, பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். வாஷிங்டனில் 18ஆம் தெருவும் எஃப் தெருவும் கூடும் முனையில் அலுவலகம் என்பதால் அந்தப் பெயர். 2014இல் தொடங்கிய குழு. அதே ஆண்டில் தொடங்கிய இன்னொரு குழுவான யுஎஸ் டிஜிட்டல் சர்வீஸ், அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஜனவரி 20 அன்று, பெயர் மாற்றப்பட்டு, அரசுத் திறன் துறை எனப்படும் டோஜ் ஆகிவிட்டது.

மூடியது சரியா தவறா என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். இந்தக் குழுக்கள் எதற்காகப் பிறந்தன என்பதை யாரும் எடுப்பதில்லை. 2013 அக்டோபர் 1 அன்று ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் ஹெல்த்கேர்.கவ் திறக்கப்பட்டது. முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் ஆறு பேர். ஆயிரம், லட்சம் எதையும் நான் விட்டுவிடவில்லை, வெறும் ஆறு. பணத்துக்குப் பஞ்சமில்லை, நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. ஆளுக்கொரு துண்டை எழுதினார்கள். மொத்தமாகத் தளம் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

மீட்கப் போனவர்களில் ஒருவர் கூகுளில் இருந்த மைக்கி டிக்கர்சன். தளம் இந்த நிமிடம் உயிரோடு இருக்கிறதா, எத்தனை பேர் நுழைகிறார்கள், எங்கே விழுகிறார்கள் என்று காட்டும் ஒரு கண்காணிப்புத் திரைகூட அங்கே இருக்கவில்லை. மீட்புக் குழு முதலில் வைத்தவற்றில் ஒன்று அந்தத் திரை. பிறகு அவர் கூட்டங்களுக்கு மூன்று விதிகள் வகுத்தார். இந்த அறை சிக்கலைத் தீர்க்க. பழியை அடுத்தவர் தலையில் கட்ட வெளியே இடம் நிறைய இருக்கிறது. பதவியில் மூத்தவர் பேச வேண்டாம், விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த ஓரிரு நாளில் நம்மைக் கவிழ்க்கக்கூடியதை மட்டும் இப்போது எடுப்போம். நம் ஊரில் எந்த ஆய்வுக் கூட்டத்திலாவது இரண்டாவது விதியைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. அந்தத் தளத்தில் பயனர் உள்நுழையும் பகுதிக்கு மட்டும் ஒப்பந்த முறையில் ஆன செலவு ஏறத்தாழ 25 கோடி டாலர். ஆண்டுப் பராமரிப்புக்கு 7 கோடி. உள்ளே வந்த சிறு குழு அதே வேலைக்கு எழுதிய மாற்று அமைப்புக்கு ஏறத்தாழ 40 லட்சம் டாலர். பராமரிப்பு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் கீழே.

என் கட்சி இதுதான்: அரசு தன் முக்கியமான மென்பொருளைத் தானே எழுத வேண்டும். முழுவதும் முடியாவிட்டால், எழுதத் தெரிந்தவர்களைச் சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும். மறுப்பவர்கள் வரலாம்.

எல்-1 ஏகாம்பரம்:

மறுக்க வந்துவிட்டேன். நீங்கள் சொல்லும் அந்த "ஆளுக்கொரு துண்டு" எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அரசுத் துறைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் நீண்ட காலமாக இருக்கிறேன். என் பெயரிலேயே தெரியும், டெண்டரில் எல்-1 என்றால் மிகக் குறைந்த விலை சொன்னவர், அவருக்கே வேலை.

பெயர் வேண்டாம், ஒரு துறைக்கு உதவித்தொகை விண்ணப்பத் தளம் செய்தோம். டெண்டர் ஆவணம் தலையணை கனம். எழுதியது ஓர் ஆலோசனை நிறுவனம். அதில் கையெழுத்திட்ட அதிகாரிகள், நாங்கள் வேலையைத் தொடங்கும்போது மாற்றலாகிப் போயிருந்தார்கள். ஆவணத்தில் ஒரு வரி: புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். இன்றைய கைபேசியில் எடுத்த படம் எதுவும் அதற்குள் அடங்காது. பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்துப் படத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். படத்தை நம் சர்வரே சுருக்கிக்கொள்ளட்டும், அரைநாள் வேலை என்றோம். "ஆவணத்தில் இல்லை. சேஞ்ச் ரெக்வெஸ்ட் கொடுங்கள், குழுவில் வைக்கிறோம்" என்றார்கள். கொடுத்தோம். குழு கூடவில்லை. அந்த ஆண்டு விண்ணப்பக் காலம் முடிந்தது. திட்டு மட்டும் "கம்பெனிக்காரன் எழுதிய லட்சணத்தைப் பார்" என்று எங்களுக்கு.

என்னைத் தூக்கி அரசு வேலையில் உட்கார வைத்தாலும் அதே குழு, அதே கோப்பு. நான் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அந்த 50 கேபி மாறிவிடுமா?

கல்லணைக்காரன்:

மாறும், அல்லது மாற வாய்ப்பாவது உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் மருத்துவ வசதிக்கு விண்ணப்பிக்கும் படிவம் ஒன்று, 10-10ஈஇசட் என்று பெயர். ஒரு குறிப்பிட்ட பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஒரு குறிப்பிட்ட அடோபி மென்பொருளும் சேர்ந்திருந்தால்தான் ஒழுங்காகத் திறக்கும். வெளியே பெரும்பாலோருக்குத் திறக்கவில்லை. துறைக்குள் புகாரை யாரும் நம்பவில்லை, ஏனென்றால் அலுவலகக் கணினிகளில் அந்தப் பழைய ஜோடி அப்படியே இருந்தது; அங்கே அழகாகத் திறந்தது! டிஜிட்டல் சர்வீஸ் குழு ஒரு முன்னாள் வீரரை உட்காரவைத்து, அவர் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டுவதைக் காணொளியாக எடுத்து உயரதிகாரிகளிடம் போட்டுக் காட்டியது. அதன் பிறகுதான் புதிய படிவத்துக்கு வழி பிறந்தது.

உங்கள் நிறுவனம் அப்படி ஒரு காணொளியை எடுத்துச் செயலாளரிடம் காட்ட முடியுமா? அடுத்த பில் பாஸாகுமா?

எல்-1 ஏகாம்பரம்:

பில் பாஸாகாது. ஒப்புக்கொள்கிறேன், அந்த ஒன்றை மட்டும்.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் ஒரு உள்ளாட்சி மன்றத்தின் இணையச் சேவைக் குழுவில் இருக்கிறேன். அமெரிக்கர்களுக்கு முன்னால் இந்த ஊரில்தான் இது பெரிதாகத் தொடங்கியது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நெறியாளர் பொறுத்துக்கொள்ளவும்.

2010இல் மார்த்தா லேன் ஃபாக்ஸ், அப்போதைய அமைச்சர் ஃபிரான்சிஸ் மோடுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசின் இணையதளங்களை ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அடியோடு மாற்றுங்கள் என்பது சாரம். 2011இல் அரசு டிஜிட்டல் சேவை, சுருக்கமாக ஜிடிஎஸ், என்ற குழு வந்தது. 2012 அக்டோபரில் டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற பழைய அரசுத் தளங்கள் இரண்டையும் மூடிவிட்டு கவ்.யுகே என்ற ஒரே தளம் வந்தது. எளிமையான எழுத்து, கறுப்பு வெள்ளைப் பக்கம், அலங்காரம் கிடையாது. வடிவமைப்புக்காக விருதுகூடக் கிடைத்தது. பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. 50 லட்சம் பவுண்டுக்கு மேல் எந்தத் துறை கணினிக்குச் செலவழிக்க நினைத்தாலும் அமைச்சரவை அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்று மோட் ஆணை போட்டார். நிரல் எழுதும் குழு இருந்த அதே அலுவலகம்! பணப்பையின் சுருக்குக் கயிறு பக்கத்தில் இருந்ததால்தான் பெரிய துறைகள் அந்த இளைஞர்களின் பேச்சுக்குக் காது கொடுத்தன.

அந்தக் கட்டத்தில் எனக்குப் பிடித்த வேலை, நோயாளிகளையும் மாற்றுத் திறனாளிகளையும் வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்கான உதவித்தொகைப் படிவம். அதை இணையத்துக்குக் கொண்டுவரும்போது 170 கேள்விகளை எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ பாதி. யோசித்துப் பாருங்கள், பகலெல்லாம் படுத்த படுக்கையாய் இருக்கும் தாயைக் கவனித்துவிட்டு இரவில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் ஒருவரிடம், அவசியமே இல்லாத 170 கேள்விகளை அரசு அதுவரை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும் நீக்க, இது எந்தச் சட்டப் பிரிவுக்காகக் கேட்கப்படுகிறது, விடையை யார் பார்க்கிறார்கள் என்று கொள்கை எழுதுபவரிடம் போய் நிற்க வேண்டும். ஏகாம்பரம் சொல்லும் கோப்பு அதுதான். அதை நகர்த்தும் உரிமை உள்ளே இருப்பவருக்குக் கிடைத்தது.

அடுத்தது யுனிவர்சல் கிரெடிட். ஆறு வகை உதவித்தொகைகளை ஒன்றாக்கும் திட்டம். பெரிய நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். 2013இல் திட்டத்தையே நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டிய நிலை. அந்த ஆண்டு தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையில் 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள மென்பொருள் பயனற்றது என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டதாக வந்தது. பிறகு உள்ளேயே ஒரு குழுவை வைத்துப் புதிதாக எழுதினார்கள். 2014 நவம்பரில் லண்டனின் தென்பக்கம் சட்டன் என்ற ஒரு பகுதியில் மட்டும், அதிலும் சில வகை மனுதாரர்களுக்கு மட்டும் ஓடவிட்டார்கள். நாடு முழுக்க ஒரே நாளில் திறப்பு விழா நடத்தவில்லை. மெதுவாகப் போகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் திட்டு வாங்கினார்கள்.

2020 மார்ச். ஊரடங்கு. இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 9,50,000 விண்ணப்பங்கள். தொலைபேசிகள் திணறின, அடையாளத்தை உறுதிசெய்யும் பக்கத்தில் நீண்ட மின்வரிசை நின்றது. ஆனால் யுனிவர்சல் கிரெடிட் தளம் விழவில்லை. சில நாட்களுக்குள், "நீங்கள் எங்களை அழைக்க வேண்டாம், தேவை என்றால் நாங்கள் அழைக்கிறோம்" என்று நடைமுறையையே திருப்பிப் போட்டார்கள். ஒப்பந்தத்தில் சேஞ்ச் ரெக்வெஸ்ட் எழுதிக் காத்திருந்தால் இது எந்த மாதம் நடந்திருக்கும் என்று ஏகாம்பரத்திடமே விட்டுவிடுகிறேன்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. அருமையான மென்பொருள் அந்த விதியை அருமையாக நிறைவேற்றியது. அந்த ஐந்து வாரத்தில் வாடகை பாக்கி விழுந்து எங்கள் மன்றத்துக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிரல் எழுதுபவர்கள் உள்ளே இருந்தார்கள். அந்த விதி அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

ரயிலடி:

லண்டன், வாஷிங்டன் எல்லாம் சரி. நம் எல்லோருடைய கையிலும் இருக்கும் உதாரணத்தை விட்டுவிட்டீர்களே! ரயில்வேயின் சொந்த மென்பொருள் அமைப்பான கிரிஸ்.

1985 நவம்பரில் டெல்லியில் முதல் கணினி முன்பதிவு தொடங்கியது. அந்த மென்பொருளைச் செய்தது சிஎம்சி, அது அன்றைக்கு அரசு நிறுவனம். 1986இல் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் கிரிஸ் அமைப்பு வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்களும் ஆரம்பத்தில் தனித்தனித் தீவுகள். சென்னையில் நின்றுகொண்டு டெல்லியிலிருந்து திரும்பும் பயணத்துக்கு டிக்கெட் வாங்குவது எப்பேர்ப்பட்ட சடங்கு என்று வயதானவர்களைக் கேளுங்கள். கிரிஸ் எழுதிய கான்சர்ட் மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999க்குள் ஐந்தையும் பிணைத்தது. அதன் பிறகுதான் எந்தக் கவுன்டரிலும் எந்த ஊருக்கும் டிக்கெட் என்பது சாதாரணமாயிற்று. ஓப்பன்விஎம்எஸ் என்ற, இன்றைய பொறியாளர்கள் பெயர்கூடக் கேட்டிராத இயங்குதளத்தில் அது ஆண்டுக்கணக்கில் ஓடியது என்பது என் போன்ற கிறுக்கர்களுக்கான உபரித் தகவல்.

2002இல் ஐஆர்சிடிசி இணைய டிக்கெட்டைத் தொடங்கியது. கூட்டம் ஏற ஏறத் தளம் மூச்சு வாங்கியது. 2014 ஏப்ரலில் கிரிஸ் செய்த புதிய இணைய முன்பதிவு அமைப்பு வந்தபோது, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவு 7,200 ஆயிற்று.

தேம்ஸ்கரை சொன்ன "விதி கைக்கு எட்டும் உயரம்" என்பதற்கு இங்கேதான் நல்ல சாட்சி இருக்கிறது. முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள், 2024 நவம்பர் 1 முதல். 2025 ஜூலையில் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்றார்கள். விதி போடும் ரயில்வே வாரியமும் நிரல் எழுதும் கிரிஸும் ஒரே அமைச்சகம். பொது ஒதுக்கீட்டுக் காத்திருப்புப் பட்டியல், இடை நிலையங்களுக்கான தொகுப்புக் காத்திருப்புப் பட்டியல், தட்கல், பெண்கள், மூத்த குடிமக்கள் என்று இத்தனை ஒதுக்கீடுகளையும் ஒரு ரயிலின் ஒவ்வொரு படுக்கைக்கும் கணக்குப் பார்ப்பதை வெளி நிறுவனத்துக்கு எழுதிக் காட்டவே தலையணை போதாது, மெத்தை வேண்டும்.

சந்தேகி:

இவ்வளவு பெருமையும் சரி. காலை 10 மணிக்கு ஏசி தட்கல் திறக்கும்போது அந்த வட்டம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

ரயிலடி:

சில நேரம் தளத்தின் குற்றம், மறுக்கவில்லை. பல நேரம் படுக்கையே தீர்ந்துவிட்டிருக்கும். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி போக நினைப்பவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் உள்ள பெட்டிகளையும் பாருங்கள். ரயிலையா நிரலில் எழுத முடியும்?

பழைய தாசில்:

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் வெளிநாட்டுக் குழுக்களைப் புதுமை என்று பேசும்போது சிரிப்பு வருகிறது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. 1976இல் தொடங்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகக் கட்டடத்தில் ஒரு ஏசி அறை, அதில் டெல்லி அமைச்சகத்தின் கீழ் வரும் இரண்டு மூன்று பேர் என்பது எங்கள் தலைமுறை அலுவலர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. பிளஸ் டூ தேர்வு முடிவை நீங்கள் எல்லோரும் பார்த்தது என்.ஐ.சி. தளத்தில்தான். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு இணையத்துக்கு வந்ததில் அவர்களுடைய உழைப்பு பெரிது.

உள்ளே இருப்பதன் பயன் என்ன என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஊர், அலுவலகம் வேண்டாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் கணினி வழி வரத் தொடங்கிய காலம். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு எங்கள் மேசை. ஒவ்வொரு மேசையிலும் எத்தனை நாள் கிடக்கிறது என்று மேலே உள்ளவர்கள் பார்ப்பார்கள். கெடு தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும். வாராந்திரக் கூட்டத்தில் சிவப்பை வைத்துத்தான் அர்ச்சனை.

சில வாரத்தில் சிவப்பே இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கணினிப் பிரிவில் இருந்த ஒரு தம்பிக்கு மட்டும் சந்தேகம். ஒரு நாள் முழுக்க எங்கள் உதவியாளர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் விஷயம் வெளியே வந்தது. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, "கூடுதல் ஆவணம் தேவை" என்று மனுவைத் திருப்பிவிட வேண்டியது. திருப்பிய மனு நிலுவைக் கணக்கில் வராது. மனுதாரர் மறுபடி போட்டால் புது மனு, புது நாள் கணக்கு! குடும்ப அட்டையை ஏற்கெனவே இணைத்திருந்த ஒரு பாட்டிக்கு இரண்டாம் முறையும் குடும்ப அட்டை கேட்டுத் திருப்பியிருந்தார்கள்.

ஒப்பந்த நிறுவனத்து ஆள் அந்த ஸ்டூலில் உட்கார வந்திருக்க மாட்டார், வந்தாலும் உதவியாளர் அவர் முன்னால் அப்படிச் செய்திருக்க மாட்டார். இது உள்ளாள் என்பதன் மதிப்பு. அடுத்ததையும் கேளுங்கள். திருப்பிய மனுவையும் பழைய தேதியிலிருந்தே எண்ணும்படி மாற்ற அந்தத் தம்பிக்கு ஒரு மணி நேரம் போதும். செய்ய விடவில்லை. நிலுவை என்றால் எது என்று முடிவுசெய்ய அவர் யார்? ஆட்சியர் தலையிட்டுச் சுற்றறிக்கை போட்ட பிறகுதான் மாறியது. நல்ல ஆட்சியர். அவர் மாற்றலாகிப் போயிருந்தால் அந்தப் பாட்டி இன்னும் குடும்ப அட்டையோடு அலைந்துகொண்டிருப்பார்.

எல்-1 ஏகாம்பரம்:

ஐயா, உங்கள் கதையை நான் தினமும் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்.ஐ.சி. என்ற பலகைக்குக் கீழே இன்று எழுதுபவர்களில் நிறையப் பேர் ஒப்பந்த ஊழியர்கள். அதற்கென்றே 1995இல் என்.ஐ.சி.எஸ்.ஐ. என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆட்களை அனுப்பும் நிறுவனங்களை அதன் பட்டியலில் பார்க்கலாம். விஞ்ஞானி என்ற பதவியில் நிரந்தரமாக இருப்பவர் மேற்பார்வை பார்ப்பார், எழுதும் பையன் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பான். கொஞ்சம் கூடுதல் சம்பளம் கிடைத்தால் போய்விடுவான். போகும்போது எது எங்கே இருக்கிறது என்ற அறிவும் கூடவே போகும். அரசுக்குள் எழுதுகிறோம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கட்டடத்தையா, ஆளையா?

கல்லணைக்காரனுக்கும் ஒன்று. உங்கள் 18எஃப் மற்றத் துறைகளிடம் கட்டணம் வாங்கித் தன் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. தொடங்கியதிலிருந்து 2016 நடுப்பகுதி வரை 3.1 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்று 18எஃப் இருந்த துறையின் சொந்தத் தணிக்கையாளரே அறிக்கை கொடுத்தார். எங்கள் நிறுவனம் இவ்வளவு நஷ்டப்பட்டால் கடையை மூடியிருப்பார்கள்.

கல்லணைக்காரன்:

அறிக்கை உண்மைதான். ஆனால் ஹெல்த்கேர்.கவ் உள்நுழைவுப் பகுதி ஒன்றில் மட்டும் மிச்சமானதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீயணைப்பு நிலையத்திடம் இந்த ஆண்டு வரவு செலவு கேட்பது போல இருக்கிறது.

18எஃப் மூடப்பட்டதற்கும் அந்த நஷ்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு புரவலர் கொண்டுவந்ததை இன்னொருவர் வந்து ஒரே இரவில் எடுத்துவிட்டார். என்.ஐ.சி.யையோ கிரிஸையோ அப்படி ஒரு சனிக்கிழமை அதிகாலையில் கலைக்க முடியாது. நிரந்தரப் பணியாளர் முறையை நாம் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அது கொடுக்கும் காப்பு இது. அமெரிக்கக் குழுக்களில் ஆட்கள் இரண்டு ஆண்டு, நீட்டித்தால் நான்கு ஆண்டு என்ற கணக்கில்தான் வந்தார்கள். புது ரத்தம் வந்துகொண்டே இருக்கும் என்பது பெருமை. வேர் பிடிக்காது என்பது விலை.

சிங்கை வாசகி:

குறுக்கே ஒரு சின்னச் செய்தி. இங்கே கார் நிறுத்தக் காகிதக் கூப்பன் வைப்போம். மாதம், தேதி, மணி என்று ஒவ்வொன்றின் காதையும் கிழித்து மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருக வேண்டும். மழையில் கைக்குழந்தையோடு கிழித்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. 2017இல் அரசின் சொந்தக் குழு ஒன்று பார்க்கிங்.எஸ்ஜி என்ற செயலியைக் கொண்டுவந்தது. கூப்பனைத் திரையில் வரைந்து கொடுத்துவிட்டுப் போகவில்லை. அரை மணிக் கணக்கை நிமிடக் கணக்காக்கினார்கள். சீக்கிரம் கிளம்பினால் மீதி நேரத்துக்குப் பணம் திரும்பி வரும். பழைய தாசில் ஐயா சொன்ன அந்தத் தம்பிக்கு, நாள் கணக்கை மாற்றும் உரிமையும் கிடைத்தது போல.

தேம்ஸ்கரை:

உள்ளே எழுதினால் எல்லாம் நன்றாகத்தான் வரும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஜிடிஎஸ் கொண்டுவந்த வெரிஃபை என்ற அடையாளச் சரிபார்ப்பு சேவை. 2016இல் வந்தது. 2020க்குள் 2.5 கோடிப் பேர் என்பது இலக்கு. 2019 பிப்ரவரியில் 36 லட்சம் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அதில் நுழைந்து தன்னை நிரூபிக்க முயன்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அது முடிந்தது. 90 சதவீதம் வரும் என்று முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள். வரித்துறை தன்னுடைய பழைய நுழைவாயிலையே வைத்துக்கொண்டது. ஊரடங்கில் மின்வரிசை நின்றது என்றேனே, அது இந்த வாசலில்தான். 2023இல் மூடினார்கள்.

ஏன் தோற்றது? என் கணிப்பு: மற்றவற்றில் ஒரு படிவம், அதன் விதி, அதை வைத்திருக்கும் துறை மூன்றும் ஒரே மேசைக்கு வந்தன. இதில் துறைகளைப் பயன்படுத்த வைக்க வேண்டும், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. மோட் போனார், ஜிடிஎஸ் தலைவர் மைக் பிராக்கன் 2015இல் போனார். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் போங்கள் என்ற நிலை.

நியூஜெர்சி நித்திலா:

இழையை முழுக்கப் படித்தேன். அமெரிக்க வரித்துறை தானே கட்டிய வரிப் படிவத் தளமான டைரக்ட் ஃபைலைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லையே என்று வந்தேன்.

இங்கே வருமான வரிப் படிவத்தை நாமே அரசிடம் நேரடியாக இணையத்தில் போட முடியாது என்றால் இந்தியாவில் நம்ப மாட்டார்கள். ஒரு தனியார் மென்பொருள் வழியாகத்தான் பெரும்பாலோர் போட வேண்டும். 2002இல் வரித்துறை அந்த நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு செய்தது: குறைந்த வருமானக்காரர்களுக்கு அவர்கள் இலவசமாகத் தருவார்கள், பதிலுக்கு வரித்துறை தானே அப்படி ஒரு தளத்தைக் கட்டாது. அந்த வாசகம் 2019 இறுதியில்தான் நீக்கப்பட்டது. அரசு எழுத முடியுமா என்பதற்கு முன்னால், எழுத மாட்டேன் என்று அரசே எழுதிக் கொடுத்திருந்தது.

2024இல் 12 மாநிலங்களில் டைரக்ட் ஃபைல் சோதனையாக வந்தது. 1,40,803 பேர் அதில் வரிப் படிவம் போட்டார்கள். 2025இல் 25 மாநிலங்கள், ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். அந்த மூன்று லட்சத்தில் நானும் உண்டு. சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ள எளிய கணக்கு என்னுடையது. ஒரு திரைக்கு ஒரு கேள்வி. "உங்கள் பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வாழ்ந்தாரா" என்று சாதாரண மனிதர் கேட்பது போலக் கேட்டது. நடுவில் "வெறும் 39 டாலர் கூடுதலாகக் கொடுத்தால்" என்று எதுவும் குதித்து வரவில்லை. முடித்ததும் மாநில வரிக்கான தளத்துக்குப் போனேன். கொடுத்த விவரங்கள் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

2025 நவம்பரில், அடுத்த ஆண்டு அது இருக்காது என்று மாநிலங்களுக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள்.

எல்-1 ஏகாம்பரம்:

அதன் நிரலை 2025இல் பொதுவெளியில் போட்டுவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் யாராவது எடுத்து நடத்த வேண்டியதுதானே? உங்கள் ஊரில் பொறியாளர்களுக்குப் பஞ்சமா? நானேகூட ஓட்டிப் பார்க்கிறேன்.

நியூஜெர்சி நித்திலா:

நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது, எடுத்துப் பாருங்கள். வரி விதிகளைத் திரைகளிலிருந்து பிரித்து, ஃபேக்ட் கிராஃப் என்ற பெயரில் தனியே எழுதியிருக்கிறார்கள். யார் சார்ந்திருப்பவர், எந்த வருமானத்துக்கு எந்தச் சலுகை என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. படிக்கவே நன்றாக இருக்கும்.

ஆனால் மின்வழியில் படிவம் அனுப்ப வரித்துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக நீங்கள் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மாறும் சட்டத்துக்கு ஏற்ப அந்த விதிக் கோப்புகளைத் திருத்த வேண்டும். திருத்தியது சரிதான் என்று சொல்ல ஒரு வரி வழக்கறிஞர் பக்கத்தில் வேண்டும். முன்பு அந்த வழக்கறிஞர் அதே துறையில் இருந்தார். இப்போது கிடப்பதில் உள்ள வரம்புகளும் விகிதங்களும் பழைய ஆண்டுக்கு உரியவை. இந்த ஏப்ரலுக்குள் அவற்றை மாற்றித் தருவதாக இருந்தால் சொல்லுங்கள், முதல் படிவம் என்னுடையது.

எல்-1 ஏகாம்பரம்:

டெண்டர் விடுங்கள் அம்மா, பார்க்கலாம்.